எழும்பாத கை

நந்தியாலாவில் நான் வக்கீலாக இருந்தபோது ஓபுலேசு என் கட்சிக்காரன். நான் தேர்தலில் நின்றபோதும் அவனே என் கட்சிக்காரன், மெய்க்காவலனும்கூட. குண்டுவீச்சு வழக்கில் நான் வாதாடி விடுவித்தவன். அவனைக் கண்டால் ஊரே ஒதுங்கும்.

"உங்க மேல ஒரு ஈகூட உக்கார விடமாட்டேன், லாயர் சார்" என்பான்.

பிரச்சார ஜீப் சந்தைக்குள் நுழைந்ததும் நாலு பேர் அரிவாளோடு பாய்ந்தார்கள். முதல் வெட்டு என் வலது தோளில் இறங்கியது.

"அடிடா ஓபுலேசு!"

அவன் அடிக்கவில்லை. இடது கையால் என்னை அணைத்து, அடுத்த இரண்டு வெட்டையும் தன் முதுகில் வாங்கினான். பின்னால் காவலுக்கு வந்த, அவன்மேல் குண்டு வழக்குப் போட்ட இன்ஸ்பெக்டர் வானத்தில் சுட்ட பிறகே கும்பல் கலைந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கத்தினேன். "ஏன்டா திருப்பி அடிக்கல?"

"இன்ஸ்பெக்டர் பாத்துட்டிருந்தாரே சார்! 'இவன் வலது கை தோளுக்கு மேல எழும்பாது, எப்படிக் குண்டு வீசுவான்?'னு கோர்ட்ல டாக்டர் சர்டிபிகேட் காட்டினீங்க. போலீஸ் போட்ட அப்பீல் இன்னும் நிக்குது. நான் கையைத் தூக்கினா உங்க மானம் என்னாகும்?"

என் தோளைத் தைத்து முடித்த டாக்டர் நிமிர்ந்தார். "சார், இனி இந்தக் கை தோளுக்கு மேல எழும்பாது. சர்டிபிகேட் தரட்டுமா?"

என் தொழிலில் நான் வாங்கிய முதல் உண்மையான சர்டிபிகேட் அதுதான்.