வகிடு

க்வென் கீழ்த்தளக் கதவை உள்ளே தாழிட்டாள்.

"கையுறை போட்டுக்கோ, மரிவிக். இன்னிக்கு நான் எதையும் தொடமாட்டேன். எல்லாம் நீதான்."

மரிவிக் பிலிப்பைன்ஸில் ஒன்பது வருடம் இறந்தவர்களைக் கழுவி, அலங்கரித்துப் பெட்டியில் வைத்தவள். கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு வந்தபின் அந்த அனுபவத்தை யாரும் மதிக்கவில்லை. கிடைத்தது கோழித் தொழிற்சாலை.

குடியேறியவர்களுக்கு உதவும் சங்கம்தான், இந்த ஈமச்சடங்கு நிலையத்தில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் க்வென்னை அவளுக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டது. நான்கு மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. க்வென் சரி என்றால் இங்கே வேலை. இல்லையென்றால் மறுபடி கோழி.

கதவு தட்டப்பட்டது. வெளியே முதலாளி.

"க்வென், இன்னிக்கு வேணாமே. நான் பாத்துக்கறேன்."

"இவதான் செய்வா. நீங்க மேலே போங்க."

என்னைத்தான் வேண்டாம் என்கிறார் என்று மரிவிக் நினைத்துக்கொண்டாள்.

மேஜையில் கிடந்த உடலின் மேலிருந்த துணியை விலக்கினாள். இளைஞன். இருபத்தைந்து வயது இருக்கும். பனிச்சாலையில் கார் உருண்டதாம். நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு.

"போட்டோ எங்க மேடம்?"

குடும்பத்தார் தரும் படத்தை வைத்துத்தான் முகத்தைச் சரிசெய்ய வேண்டும். க்வென் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான்.

"போட்டோ வேணாம்."

"அது இல்லாம எப்படி…"

"நாலு மாசமா சொல்லிக்குடுத்ததெல்லாம் குளிர்ல உறைஞ்சு போச்சா? ஆரம்பி."

க்வென் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலை நேரத்தில் ஓயாமல் கேலி பேசுகிறவள், ஒரு மணி நேரமாக வாய் திறக்கவில்லை. அந்தப் பார்வை மட்டும் மரிவிக்கின் முதுகில் கனத்தது.

வெட்டை மெழுகால் மூடினாள். சட்டை மாட்டி, டை கட்டினாள். கடைசியாக முடியை ஈரப்படுத்தி, வலப்பக்கம் வகிடெடுத்து வாரினாள்.

"தப்பு!"

சீப்பு கீழே விழுந்தது. கோழி ரத்த வாடை அவள் மூக்கில் ஏறியது போலிருந்தது.

"அப்போ வேலை… போச்சா மேடம்?"

"லூசு. உன் வேலை போன வாரமே உறுதியாயிடுச்சு. இல்லேன்னா இவன்கிட்ட உன்னை விட்டிருப்பேனா?"

க்வென் முதல்முறையாக மேஜையருகே வந்தாள். குனிந்து சீப்பை எடுத்தாள். அவன் தலைமுடிவரை கொண்டுபோய் நிறுத்தினாள். சீப்பை மரிவிக்கிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இடப்பக்கம் எடு. ரெண்டு வயசுலேருந்து அவனுக்கு நான் அப்படித்தான் வாரிவிட்டிருக்கேன்."