ஸ்டம்பை ஒட்டி நிற்பவன்

கடைசிப் பந்து. வெளியூர் இளம்பிள்ளை அணிக்கு இரண்டு ஓட்டம் வேண்டும்.

மணிமாறன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்தான். வேறு எந்தக் கோப்பை போனாலும் போகட்டும், இந்தக் கோப்பை மட்டும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அவன் வீசுவது மிதவேகம். வேகமும் இல்லை, சுழலும் இல்லை, இரண்டுங்கெட்டான். அதனால் கீப்பர் தள்ளி நிற்க வேண்டியதில்லை, ஸ்டம்பை ஒட்டியே நிற்கலாம். செல்லமுத்து கீப்பராக நின்றால் வாய் ஓயாது.

"மாறா, பந்து வந்து சேர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்தர்றேன் போ!"

அடிக்க நிற்பவனுக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்த வாக்கில் கோட்டைத் தாண்டி ஏறி வருவான். அடுத்த கணம் பெயில்ஸ் மண்ணில் கிடக்கும்.

இருவருக்கும் ஒரு சைகை உண்டு. மணிமாறன் இடது தோள் சட்டையில் நெற்றியைத் துடைத்தால், பந்து மெதுவாக வந்து கால்பக்கம் திரும்பும். மற்றவர்களுக்கு அது வேர்வை. கேப்டன் குமரகுருவுக்குக்கூடத் தெரியாது.

இன்று கீப்பர் மோகன்குமார். தறி ஓட்டுகிறவன், கெட்டிக்காரன். நேற்றுப் பயிற்சியில் அவனிடம் சொல்லிவிடலாம் என்று மணிமாறன் வாயெடுத்தான். தனக்கும் செல்லமுத்துவுக்கும் மட்டும் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

சைகையும் வேண்டாம், அந்தப் பந்தும் வேண்டாம், நேராக வீசிவிடுவோம் என்று முடிவு செய்திருந்தான்.

திரும்பி நின்று ஸ்டம்பைப் பார்த்தான். அதற்குப் பின்னாலும் பார்த்தான். தலை தானாகச் சாய்ந்து நெற்றியைத் தோளில் துடைத்தது.

ஓடி வந்து வீசினான்.

அவன் வீசியதிலேயே அழகான பந்து அது. அடிக்க வந்தவன் இரண்டடி ஏறி வந்து ஏமாந்தான். மட்டையில் காற்றுதான் பட்டது. பந்து கால்பக்கம் திரும்பியது. மோகன்குமார் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தான்.

அவர்கள் இரண்டு ஓட்டமும் ஓடி முடித்துக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். காய்ந்த ஏரித்தரையில் பந்து மட்டும் நிற்காமல் உருண்டது. யாரும் துரத்தவில்லை.

குமரகுரு மோகன்குமாரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, அவனை வையாதீங்க. நாந்தான் சொல்லாம உட்டுட்டனுங்க."

என்ன சொல்லவில்லை என்று குமரகுருவுக்கு விளங்கவில்லை. மணிமாறன் நிற்காமல் பந்தை எடுக்க நடந்தான்.

எல்லைக்கோட்டில் கட்டியிருந்த பெரிய பிளெக்ஸின் அடியில் பந்து கிடந்தது. 'முதலாம் ஆண்டு நினைவுக் கோப்பை' என்ற எழுத்துகளுக்குக் கீழே, கீப்பர் கையுறையோடு சிரித்துக்கொண்டிருந்தான் செல்லமுத்து.

மணிமாறன் பந்தை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். இடது தோள் சட்டையில் முகத்தைத் துடைத்தான்.

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேர்வை.