பாதி மீசை

தவசிக்கு மீசை வலப்பக்கம் மட்டும்தான். ஆற்றின் இரு கரையிலும் இருந்த பல்கலைக்கழகங்கள் கபடியில் வைத்திருந்த வழக்கம் அது: தோற்ற கேப்டனின் பாதி மீசையை ஜெயித்தவன் மழிப்பான், திருப்பி ஜெயிக்கும்வரை அந்தப் பக்கம் வளர்க்கக் கூடாது. போன வருடம் மழித்தவன் அக்கரை கேப்டன் சூசை. அதன்பின் தவசியே தினமும் காலையில் மழித்துக்கொண்டான். இந்த வருடம் அவனுடைய பல்கலைக்கழகம் பழைய லீக்கை உதறிவிட்டுப் பெரிய லீக்குக்குத் தாவியது. அக்கரையோடு இனி ஆட்டமே கிடையாது.

"இனி மேட்ச்செல்லாம் டிவில வரும்டா. மிச்சத்தையும் வழிச்சிரு," என்றார் கோச்.

"மிச்சம் என்னோடது சார். வழிச்சதுதான் சூசைகிட்ட இருக்கு."

புது லீக்கின் முதல் ஆட்டத்துக்குப் பஸ் கிளம்பிய நேரத்தில் தவசி பாலத்தைத் தாண்டி அக்கரை மைதானத்தில் நின்றான்.

சூசை சிரித்தான். "என்ன மாப்ள, பெரிய எடத்து ஆளு. பஸ்ஸு கெடைக்கலயா?"

"கெடச்சுது. அது உங்கிட்ட வராதுன்னாங்க."

"ஒத்தையாவா வந்த?"

"ரெய்டுக்கு ஒருத்தன் போதும்."

தவசி குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தான். சூசையின் சிரிப்பு நின்றது. அவனும் அவன் ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விரிந்து நின்றார்கள். தவசி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.