சொட்டு விடும் வரிசை

காலை மணி பத்தே கால். கண் மருத்துவமனைக் கூடத்தில், பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண்களை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த மகள், கடைசி நாற்காலியில் அம்மாவைக் கண்டுபிடித்தாள். அம்மாவும் கண்களை மூடியிருந்தாள்.

“எரியுதாம்மா?”

“எரியும்னுதான் சொன்னாங்க.”

“சாயங்காலம் வரைக்கும் கிட்டத்துல எதுவும் தெளிவா தெரியாது. பயப்படாதே.” மகள் செல்போனை எடுத்தாள். “எங்க ஆபீஸ்காரர் போட்டோவைக் கேட்டுக்கிட்டே இருந்தியே, இந்தா. அப்புறம் காட்டலைன்னு சொல்லக் கூடாது.”

அம்மா போனை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

“காட்டுறதுக்கு உனக்கு இப்பதான் நேரம் கிடைச்சுதா?”

“நான் சொல்றேன், கேட்டுக்கோ. நல்ல உயரம். சாந்தமான முகம். பின்னாடி கடல்.”

“தனியாவா நிக்கிறார்?”

மகள் தொண்டையைச் செருமினாள். “தனியாத்தான்.”

“உனக்குப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னுதான் பயம்.”

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு.”

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது நர்ஸ் மருந்துப் புட்டியோடு வந்தாள்.

“இன்னும் சொட்டு மருந்தே விடாதவங்க யாரு?”

அம்மா இன்னொரு கையைத் தூக்கினாள். நர்ஸ் அவள் முகத்தை நிமிர்த்தி, இரண்டு கண்களிலும் மருந்து விட்டுப் போனாள். அம்மா மூடிய கண்களோடு மகள் பக்கம் திரும்பினாள்.

“அவர் தோள்மேல ஒரு பாப்பா உட்கார்ந்திருக்காளே, அப்படியே அவரை உரிச்சு வெச்ச மாதிரி. அவளுக்கும் ஞாயித்துக்கிழமை ஸ்கூல் லீவுதானே?”