முப்பத்து மூன்று பேரைக் காணவில்லை

ஒரே இரவில் ஊரில் முப்பத்து மூன்று பேரைக் காணவில்லை. அவர்களில் முப்பத்திரண்டு பேர் காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் கூடி, தங்களைத் தூக்கிக்கொண்டு போனவன் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்து மூன்றாவது ஆளான நாகஜோதி ஈரத் தலையோடு கடைசியாக வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே குளித்துவிட்டாள். கொல்லையில் மறைப்பாகக் கட்டியிருந்த கிழிந்த சேலைக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தார்ப்பாய் மடித்துச் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மா மலையம்மாள் அதற்குள் களையெடுக்கப் போயிருந்தாள். காற்றடித்தால் சேலையைப் பிடிக்க ஒரு கை, சோப்புப் போட ஒரு கை என்கிற பாடு அன்றைக்கு இல்லை.

காணாமல் போனது ஒரு ஃப்ளெக்ஸ். ஊரில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண் நாகஜோதி என்று வார்டு மெம்பர் பாண்டிராஜ் வைத்தது. அவர் மூன்று வருடமாகக் கட்டித் தருவதாகச் சொல்லும் குளியலறை இன்னும் வரவில்லை. ஃப்ளெக்ஸ் இரண்டே நாளில் வந்துவிட்டது.

நடுவில் பாண்டிராஜ் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். சுற்றிலும் மீசை மீசையாக முப்பத்தொரு பேர். எம்.எஸ்ஸி. படித்தவள் வலது மூலையில், அச்சடித்த கடையின் பெயருக்கு மேலே, ஸ்டாம்ப் அளவில் இருந்தாள்.

"சிவபாண்டிதான்யா," என்றார் பாண்டிராஜ். "விடியக்காலம் கம்பத்துக்கிட்ட நின்னுருக்கான். பால்காரரு பாத்துருக்காரு. பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன், எழுதிக் குடுக்குறேன்."

சைக்கிளோடு ஓரமாக நின்ற சிவபாண்டி போலீஸ் வேலைக்குத் தேறியவன். அடுத்த வாரம் அவனைப் பற்றி ஊரில் விசாரிக்க வருகிறார்கள். ஒரு வழக்கு விழுந்தால் போதும், மூன்று வருடம் விடியக்காலையில் எழுந்து ஓடிய ஓட்டம் அத்தனையும் வீண்.

"அண்ணே, நீங்க எடுக்கலைன்னு சொல்லுங்க," என்றாள் நாகஜோதி.

சிவபாண்டி அவளைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். "ஒனக்கு எதுக்கு இது? வீட்டுக்குப் போ."

"திமிரப் பாத்தியா," என்றது கூட்டம்.

நாகஜோதிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் தோழி ஆர்த்திகாவைக் கூப்பிடுவாள். போன மாதம் தெருவில் கோழிகளைப் பிடித்துத் தின்றது கீரி இல்லை, சோணை என்று கண்டுபிடித்தது இவர்கள் இரண்டு பேரும்தான். ஃப்ளெக்ஸில் இரண்டாவது வரிசையில் சோணையும் இருந்தார்.

இருவரும் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கம்பத்தடிக்குப் போனார்கள். கட்டுக்கம்பி அறுபடவில்லை. முறுக்கைப் பிரித்து, வளையமாகச் சுருட்டி, ஒழுங்காக ஆணியில் மாட்டியிருந்தது.

"ஆகாதவன்னா கிழிச்சுப் போட்டுருப்பான்," என்றாள் ஆர்த்திகா. "இது பதனமாக் கழட்டுன மாதிரி இருக்குடி. யாருக்கோ தேவைப்பட்டிருக்கு."

"அப்ப எவன் வீட்டுக் கூரை மேலயோதான் கெடக்கு. வா."

கூரை கூரையாகப் பார்த்தார்கள். ஆட்டுக் கொட்டகை மேல் ஒரு காதணி விழா வெளுத்துக் கிடந்தது. வைக்கோல் படப்பின் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி மல்லாந்து கிடந்தது. ஒரு வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் புதுமணத் தம்பதி வெயிலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிராஜை மட்டும் எங்கேயும் காணோம்.

மணி பத்தே முக்கால். பாண்டிராஜ் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நாகஜோதி போய்க் குறுக்கே நின்றாள்.

"மாமா, ஸ்டேஷன்ல மொதக் கேள்வி என்ன கேப்பாங்க தெரியுமா?"

"என்னத்தா கேப்பாங்க?"

"பேனர் வைக்க அனுமதி வாங்குனீங்களாம்பாங்க. வாங்குனீங்களா?"

பாண்டிராஜ் வண்டியை அணைத்தார்.

"வாங்காம வச்சது யாரு யாருன்னு அவங்க அலையவே வேணாம் மாமா. முப்பத்திரண்டு பேரும் பேரு, போட்டோவோட நீங்களாவே அச்சடிச்சிருக்கீங்க. பிரிண்ட் கடையில காப்பி இருக்கும்."

முதலில் சோணை நழுவினார். அடுத்து இரண்டாவது வரிசை மொத்தமும் நழுவியது. பாண்டிராஜ் வானத்தைப் பார்த்தார்.

"காத்துல கீத்துல பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்," என்றார். "இதுக்குப் போயி ஒரு பயலச் சந்தேகப்படலாமா?"

சுருட்டி வைத்த கம்பியைப் பற்றிச் சொல்ல ஆர்த்திகா வாயைத் திறந்தாள். நாகஜோதி அவள் காலை மிதித்தாள். சிவபாண்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நன்றி கூடச் சொல்லவில்லை.

மதியம் மலையம்மாள் காட்டிலிருந்து வந்து, மண் காலோடு நேராகக் கொல்லைக்குப் போனாள். நாகஜோதி பின்னாலேயே போனாள்.

"இன்னைக்கு ஒருத்தன் வாழ்க்கையக் காப்பாத்திருக்கேம்மா. செய்யாத தப்புக்கு அவன உள்ள தள்ளப் பாத்தாய்ங்க. விடுவேனா?"

"யாரடி?"

நாகஜோதி பதில் சொல்வதற்குள் காற்றடித்தது. தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து, மடிப்பு பட்டென்று விரிந்தது. உள்ளே இருந்து பாண்டிராஜ் ஆளுயரத்துக்குக் கும்பிட்டார்.

மலையம்மாள் எட்டி மூலையைப் பிடித்தாள்.

"இறுக்கிக் கட்டுடான்னு அந்தச் சிவபாண்டிட்ட அம்புட்டுச் சொன்னேன்."