புது அட்மிஷன்

“எழுந்திருக்க வேணாம்மா, அப்படியே படுத்திருங்க” என்றாள் டயட்டீஷியன். ஜன்னலோரக் கட்டிலில் சுருண்டு கிடந்த பெண் அதற்குள் பதறி எழுந்து, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

காலையிலிருந்து வார்டு வார்டாக ஏறி இறங்கியதில் டயட்டீஷியனுக்குக் கால் கெஞ்சியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் யார் சத்துக் குறைந்து கிடக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இதுதான் கடைசிக் கட்டில். “ஜன்னலோரம். கால்ல பிரச்சனை, இன்னைக்குத்தான் வந்தாங்க” என்று நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அந்தப் பெண்ணின் கையில் இன்னும் ஊசிகூட ஏற்றவில்லை. ஆஸ்பத்திரி உடையும் இல்லை.

“டிரெஸ் மாத்தலையா?”

“எனக்கு ஒண்ணும் தரலையேம்மா.”

இங்கே எதற்குத்தான் தட்டுப்பாடு இல்லை என்று அலுத்துக்கொண்டே டயட்டீஷியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாப்டீங்களா?”

எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்விதான். வழக்கமாக, முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறவர்களைத்தான் இன்று முழுக்கப் பார்த்தாயிற்று. இந்தப் பெண்ணோ அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலைல ஒரு டீ குடிச்சேன்.”

“மத்தியானம்?”

“கிளம்பி வர்ற அவசரத்துல முடியல.”

“சரி, வீட்ல இருக்கறப்போ பசி எடுக்குமா?”

“எடுக்கும்மா. தட்டுல போட்டுக்கிட்டு உக்காருவேன், அதுக்குள்ள கூப்பிடுவாங்க. போயிட்டு வர்றதுக்குள்ள ஆறிடும். அப்புறம் அதைப் பாத்தாலே வேணாம்னு ஆயிடும்.”

யார் கூப்பிடுவார்கள் என்று கேட்க டயட்டீஷியனுக்குத் தெம்பில்லை. எந்த வீட்டில்தான் கூப்பிடாமல் இருக்கிறார்கள்?

“உடம்பு இளைச்சிருக்கா?”

அந்தப் பெண் விரலை நீட்டினாள். மோதிரம் கழன்று விழாமலிருக்க உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது. “முன்னாடியெல்லாம் சோப்பு போட்டாத்தான் இது கழலும்.”

டயட்டீஷியன் அளவு நாடாவை அவள் மேற்கையில் சுற்றினாள். சுற்றியது கொஞ்சம், தொங்கியது மிச்சம். நெற்றிப்பொட்டு இரண்டும் குழிந்திருந்தன. “என் விரலை இறுக்கிப் பிடிங்க” என்றதும் பிடித்தாள். பிடித்த மாதிரியே இல்லை.

“இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிம்மா வேலை செய்றீங்க?”

“வேலைன்னு வந்தா எங்கேர்ந்தோ பலம் வந்துடும். முடிஞ்சப்புறம்தான் சுவரைப் பிடிச்சுக்குவேன்.”

நர்ஸ் சொன்னது நினைவுக்கு வர, டயட்டீஷியன் குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அசதியோடு அசதியாக ஒரு பயமும் வந்து சேர்ந்தது. நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற விஷயமில்லை இது.

“எவ்வளவு நாளா இந்த வீக்கம்?”

“எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதனாலன்னு விட்டுட்டேன்.”

“இப்படியா விடுவாங்க? ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா?”

“எனக்கு என்னம்மா ஆகப்போகுது?” என்று சிரித்தாள். சிரித்தபோது பற்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

டயட்டீஷியன் போனில் டாக்டரைப் பிடித்தாள். “சார், ஜன்னலோர பேஷன்ட். உடம்புல ஒண்ணுமே இல்ல, கால் அமுக்கினா குழி விழுது. உடனே ரத்தம் எடுத்துப் பாக்கணும். சாப்பாட்டையும் ஒரேயடியா ஏத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான்.”

“அப்படியா? அட்மிட் ஆனப்போ நல்லாத்தானே பேசினாங்க” என்றார் டாக்டர்.

“பேச்சை விடுங்க சார். நேர்ல வந்து பாருங்க.”

போனை வைத்தபோது வாசலில் சக்கரம் கிறீச்சிட்டது. காலில் பெரிய கட்டோடு ஒரு பருத்த பெண்ணைச் சக்கர நாற்காலியில் வைத்து, எக்ஸ்ரே அறையிலிருந்து ஆயா தள்ளிக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான், கட்டிலில் இருந்தவள் விருட்டென்று இறங்கினாள். தள்ளாடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரிப்பை உதறிச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

“நீங்க எதுக்கும்மா இறங்கறீங்க? படுங்க முதல்ல” என்று அதட்டினாள் டயட்டீஷியன். “அவங்களுக்கு வேற கட்டில் பாத்துத் தருவாங்க.”

“விடுங்க அண்ணி, நானே ஏறிக்கறேன்” என்றாள் நாற்காலியில் இருந்தவள், இரண்டு கையையும் தூக்கி, கட்டிலிலிருந்து இறங்கியவளின் கழுத்துக்கு நீட்டியபடி.

டயட்டீஷியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெண் நாத்தனாரின் அக்குளில் கை கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள். அப்புறம் மூச்சு வாங்கத் திரும்பினாள்.

“கோச்சுக்காதீங்கம்மா, பேஷன்ட் இவதான்... சாப்டீங்களான்னு என்னைக் கேட்டீங்களா, அதான் சொல்லிட்டேன்.”