மூன்று பேர் கேட்ட மாத்திரை

"ஒற்றைத் தலைவலி மாத்திரைம்மா, என் சம்சாரத்துக்கு," என்று பெயின்டர் ஒரு கிழிந்த மாத்திரை அட்டையை நீட்டினார்.

மருந்துக்கடை அம்மாள் அட்டையைப் பார்த்தார். பெயின்டரைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். இந்த வாரத்தில் இது மூன்றாவது அட்டைத் துண்டு. திங்களன்று தச்சர் தன் தாயாருக்கென்று கேட்டார். நேற்று ஆட்டோக்காரர், தன் அக்காவுக்கு. மூவருக்கும் இதே மாத்திரைதான் வேண்டும். ஒருவரிடமும் டாக்டர் சீட்டு கிடையாது. முதல் இருவரையும் வெறுங்கையோடு அனுப்பியாயிற்று. ஊரில் இத்தனை பெண்களுக்கு ஒரே வாரத்தில் பாதித் தலை மட்டும் வலிப்பதை அம்மாளால் நம்ப முடியவில்லை.

சீட்டு எங்கே என்றதற்கு, ஆள் வாந்தியெடுத்து இருட்டறையில் சுருண்டு கிடக்கும்போது சீட்டை எங்கே தேடுவது என்றார் பெயின்டர். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. மற்ற இருவரும் இதையே எழுத்துப் பிசகாமல் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் பாவமாக இருந்திருக்கும்.

கும்பலின் தலைவன் யார் என்று பார்த்துவிடுவதென்று அம்மாள் விசாரணையைத் தொடங்கினார். எத்தனை போடுவார்கள்? வலி ஆரம்பித்ததும் ஒன்று. அடங்கித் திரும்ப வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. அன்றைக்கு அதற்கு மேல் கிடையாது. மாதத்தில்? பத்து நாளை எட்டக் கூடாது. எட்டினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பெயின்டர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். இதயம் என்று அம்மாள் வாயெடுப்பதற்குள், "அது கல்லு மாதிரி இருக்கும்மா," என்றார்.

இது ரத்தக்குழாயைச் சுருக்கும் மாத்திரை, இதய நோயாளி போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அம்மாள் சொன்னபோது மட்டும் பெயின்டர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சரி, மாசமா இருக்காளா?"

பெயின்டர் விழித்தார். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லித் தரலியேம்மா."

"உன் பொண்டாட்டி மாசமா இருக்காளான்னு உனக்கு யாரப்பா சொல்லித் தரணும்?"

பெயின்டர் காதோரத்தில் காய்ந்திருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"போனைப் போட்டு இப்படிக் குடு. அவகிட்டயே கேட்டுக்கறேன்."

வேறு வழியில்லாமல் போட்டுக் கொடுத்தார். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, ஒரு கரகரத்த ஆண்குரல், "என்னப்பா, அந்த ராட்சசி குடுத்தாளா?" என்றது.

அம்மாளின் முகத்தில் ஒரு ரோமமும் அசையவில்லை.

"உங்க பொண்டாட்டி ராட்சசிதாங்க பேசறேன்," என்றார். "உங்க நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு நாலு மாசம்தான் ஆகுது. கடையைப் பூட்டிட்டு டாக்டரைக் கையோட கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வர்றேன், அதுவரைக்கும் கட்டிலை விட்டு எழுந்திருக்காதீங்க."